இரண்டாவது கிரீடம்

அவருடைய பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. புருசன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். சொல்லாமல் விட்டு என்னத்தைக் கூட்டினேனோ தெரியாது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. அவர் என்றால் அவர்தான்.

நான் கலியாணம் முடித்துச் சல்லி என்கிற கடற்கரை ஊருக்கு வந்தபோது உலகச் சண்டை தொடங்கியிருந்தது. மாமி வீட்டு ஆட்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் துறைமுகத்தில் வெள்ளைக்காரன் கப்பல் திருத்துகிற டொக்யாட்டுக்குப் போனார். கப்பல் பக்கத்தில் பலகையைத் தொங்கவிட்டு, அதிலிருந்துகொண்டு சுத்தியலால் துரு தட்டுகிற வேலை. பின்னேரம் சைக்கிளில் வந்து இறங்கும்போது தலைமயிரெல்லாம் செம்மண் அப்பியது போல் இருக்கும். கிணற்றடியில் நான் தண்ணீர் வார்க்க வார்க்கச் சிவப்பாக ஓடும். இரும்பைத் தின்று வயிறு நிரம்பியிருக்கும், பிறகு எனக்கென்ன சோறாக்குகிற வேலை என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் தலையைச் சிலுப்பி என் சேலை முழுக்கத் தெறிக்க வைப்பார். மாமி குசினிக்குள் அடுப்படியில் இருந்து செருமுவா. அந்தச் செருமலுக்கு நாங்கள் இரண்டு பேரும் பயந்தவர்கள் போல் நடிப்போம்.

அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். அவரை அண்ணை என்றும் என்னை மச்சாள் என்றும் கூப்பிடுகிற இளந்தாரி. உப்புவெளியில் தாயோடு தனியாக இருந்தான். இவர் வேலைக்குப் போகிற வழியில் அவனையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். கப்பல்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற படகில் அவனுக்கு வேலை. இரண்டு பேரும் ஒன்றாய்ச் சிரிக்கத் தொடங்கினால் காரணம் கேட்டுப் பிரயோசனமில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இவர்களோடு ஒரு வெள்ளைக்காரன் வந்து குந்துவானாம். கப்பலில் வேலை செய்கிறவன். இங்கிலீசுக்காரன் இல்லை, அயர்லாந்துக்காரன். இங்கிலீசுக்காரன் என்று தவறிச் சொன்னால் கோபம் வந்துவிடுமாம். அவன் உடம்பில் பச்சை குத்தாத இடமே கிடையாதாம். அவனே ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, விளக்குக்கரியைக் குழைத்து, கேட்கிறவர்களுக்குக் குத்தியும் விடுவானாம். இவர் இரவுச் சோற்றுக்கு இருந்தால் இந்தக் கதைதான். முதுகில் வட்டம் போட்ட சிலுவை. தோளில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடுகிற முடிச்சு. எங்கே தொடங்குது, எங்கே முடியுது என்று பிடிக்க ஏலாதாம், அறாத உறவு என்று அதற்குப் பொருளாம். நெஞ்சில் ஒரு மரம். கிளையும் வேரும் வளைந்து போய் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளுமாம், மேலுலகமும் கீழுலகமும் ஒன்று என்கிறதாம். காலில் மூன்று சுழி. நிலம், கடல், வானம். அவன்ட ஆட்கள் அந்தக் காலத்திலிருந்து கல்லிலும் வெள்ளியிலும் செதுக்கி வருகிறவையாம். வாசித்து அறிந்தவர் போல் இவர் சொல்லிக்கொண்டே போவார், மீன்முள்ளு விரலில் காயும்.

எனக்கு எரிச்சல் வரும். வலை பின்னுகிற வீட்டில் இருந்துகொண்டு முடிச்சைத் தோலில் குத்தப் போகிறீர்களா, முடிச்சுக்கு இங்கே என்ன பஞ்சம் என்று கேட்டேன். மரமும் எனக்குப் பிடிக்கவில்லை. சிலுவையைக் குத்தினால் மாமி வீட்டுக்குள் விடமாட்டா என்று அவருக்கே தெரியும். சரி, யோசிப்பம் என்று சிரித்துக்கொண்டு கை கழுவப் போனார். அவர் யோசித்து முடித்துவிட்டார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு நாள் வலது கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். வேலையில் அடிபட்டுவிட்டது என்று நான் பதறிப்போனேன். அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்த் துணியை அவிழ்த்தார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் இருந்து இரண்டு கைகள் வந்து ஒரு வெற்றிலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. வெற்றிலைக்கு ஒரு கிரீடம். வெற்றிலையில்லையடி, அது மனுசனின் நெஞ்சு என்றார். கைகள் சிநேகிதம், நெஞ்சு அன்பு, கிரீடம் என்றால் சொன்ன சொல் மாறாமல் இருப்பது. அயர்லாந்தில் இதை மோதிரமாகவும் போடுவார்களாம். இதில் ஒரு சங்கதி இருக்காம். நெஞ்சின் கூர்முனை விரல் பக்கம், வெளியே பார்த்தால், இந்த ஆளுக்கு இன்னும் ஒருத்தியும் இல்லை. முனை திரும்பித் தன் பக்கம் பார்த்தால், இந்த நெஞ்சு கொடுத்தாயிற்று. குத்துவதற்கு முன்னம் அயர்லாந்துக்காரன் இவரிடமும், கூடவே குத்திக்கொண்ட கூட்டாளியிடமும் அதைத்தான் கேட்டானாம். கூட்டாளிக்கு முனை வெளியே பார்த்தது. இவருக்கு உள்ளே.

அந்தக் காலத்தில் பெண்சாதியைப் பிடிக்கும் என்று எந்த ஆம்பிளை வாய் திறந்து சொன்னான்? மீன் நல்லாயிருக்கு என்று சொன்னாலே பெரிய காரியம். இந்த மனிசன் அதை ஊசியால் தோலில் எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. நொந்ததோ என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த நாள் காலையில் பிடித்தது சனி. வேலைக்கு வெளிக்கிட்டு, கையைத் தொங்கவிட்டபடி முற்றத்தில் நின்றார். முனை தன் பக்கம் பார்க்கக் குத்தினால், கையைத் தொங்கவிடும்போது கிரீடம் கீழே போய்விடும். நெஞ்சையும் கைகளையும் மாமி பார்க்கவேயில்லை, கிரீடத்தைத்தான் பார்த்தா. எங்கள் சல்லியில் கிரீடம் என்றால் அது முத்துமாரியம்மனின் கிரீடம்தான். வேறு யார் கிரீடம் வைக்கிறார்கள்? பெத்த பிள்ளை அம்மனின் முடியைத் தலைகீழாகக் குத்திக்கொண்டு வந்து நிற்கிறான் என்று மாமி அப்படியே மண்ணில் குந்திவிட்டா. அம்மை போட்டு ஊரே அழியப் போகுது என்றா. இவர் அயர்லாந்தையும் மோதிரத்தையும் சொல்லி விளங்கப்படுத்தப் பார்த்தார். அயர்லாந்துக்காரனுக்கு அம்மை வந்தால் அவன்ட ஊரில் போய்க் கும்பிடட்டும் என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டா. கூட்டாளியின் கையை வேறு எடுத்துக்காட்டினா. அவனுடைய கிரீடம் கை தொங்கும்போது நிமிர்ந்துதானே நிற்கிறது. அவனுக்குப் பெண்சாதி இல்லாதபடியால்தான் அது அப்படி என்று மாமியிடம் யார் போய்ச் சொல்வது?

அதோடு மாமி இவர் கைபட்ட எதையும் வாங்கமாட்டேன் என்றுவிட்டா. சந்தையில் வாங்கிவந்த மரவள்ளிக்கிழங்கு கூட முற்றத்தில் கிடந்து காய்ந்தது. தாயும் பிள்ளையும் கதைக்காத வீட்டில் நடுவில் நிற்பது எவ்வளவு கொடுமை என்று பட்டவளுக்குத்தான் தெரியும்.

அதற்குள் சிங்கப்பூர் விழுந்துவிட்டது, ஜப்பான்காரன் இங்கேயும் வருவான் என்று ஊர் கலையத் தொடங்கியது. இவர் எங்கள் இரண்டு பேரையும் தம்பலகாமத்தில் என் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே என் அண்ணர் வயல் செய்துகொண்டிருந்தார். வண்டிலில் ஏறும்போதுதான் மாமி பிள்ளையோடு வாய் திறந்தா. அந்த முடியை நிமிர்த்திக்கொண்டு வா, அதுவரைக்கும் என்ர முகத்தில முழியாதே என்றா. நிமிர்த்துவதற்கு அது என்ன சட்டியா பானையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்தார். அண்ணர் வயலுக்குப் போயிருந்த நேரம். நீட்டுக் கைச் சட்டை போட்டிருந்தார். தாயை முற்றத்துக்கு வரச் சொல்லி, சட்டைக் கையை மெதுவாகச் சுருட்டினார். நெஞ்சுக்கு இப்போது இரண்டு பக்கமும் கிரீடம். பழையது மணிக்கட்டுப் பக்கம் கிடக்க, முனையை மூடிக்கொண்டு, முழங்கைப் பக்கத்தில், புதிதாய் ஒன்று நிமிர்ந்து நின்றது. நிறம் கொஞ்சம் ஊதாவாக இருந்தது. புதுசு, போகப் போகக் கறுக்கும் என்றார். தூர நின்றே பாரணை, இன்னும் நோகுது என்று தாயை நிறுத்தினார். மாமி அங்கேயே நின்று கை எடுத்துக் கும்பிட்டா. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தன் கையாலேயே அவருக்குச் சோறு போட்டா.

மாமி அந்தப் பக்கம் போனதும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குள் ஒரு மனத்தாங்கல். ஒரு கிரீடம் அப்படியும் ஒன்று இப்படியும் நின்று முனையை மறைத்தால் அந்தச் சங்கதியே போய்விட்டதே.

"இப்ப இது ஆருக்குக் குடுத்த நெஞ்செண்டு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"தெரியவேண்டிய ஆளுக்குத் தெரியும்தானே."

அந்தப் புதுக் கிரீடத்தை விரலால் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். அவர் கையைப் பட்டென்று இழுத்துக்கொண்டார்.

"தொடாத. நோகுது."

சட்டைக் கையை இறக்கிவிட்டு, வெயில் தாழ முன்னம் போகவேண்டும் என்று சைக்கிளை எடுத்தார். ஒழுங்கை முடிவில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். அவரை நான் பார்த்தது அவ்வளவுதான்.

வருடப்பிறப்புக்குச் சில நாள் இருக்கும்போது ஜப்பான்காரன் வந்தான். காலை நேரம். தம்பலகாமத்தில் எங்களுக்கு நிலம் அதிர்ந்தது. பிறகு சீனன்குடாப் பக்கமிருந்து கறுப்புப் புகை எழும்பியது. எண்ணெய்த் தாங்கி எரிகிறது என்றார்கள். அது நாள்கணக்கில் எரிந்தது. காயப்போட்ட துணியெல்லாம் கரி படிந்தது. அவர் வரவில்லை. டொக்யாட்டு ஆட்கள் பலர் காட்டுவழியாக ஓடி வந்தார்கள். ஒவ்வொருவரையும் மறித்துக் கேட்டோம். கண்டதாகச் சொன்னவனும் இல்லை, காணவில்லை என்று சத்தியம் பண்ணியவனும் இல்லை.

தண்ணீரில் மிதந்த உடல்களை எடுத்துத் துறைமுகத்தில் ஒரு கொட்டிலுக்குள் கிடத்தியிருப்பதாக அண்ணர் கேள்விப்பட்டார். பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. நான் போகிறேன் என்றபோதும் விடவில்லை. அண்ணர் அந்தக் கையை ஒரு நாளும் வடிவாகப் பார்த்ததில்லை. அதனால் நான் சாம்பலில் விரலால் கீறிக் காட்டினேன். இரண்டு கை, நடுவில் நெஞ்சு, மேலே ஒரு கிரீடம், கீழே ஒரு கிரீடம். கூட்டாளிக்கும் இதேதான், ஆனால் கிரீடம் ஒன்று என்றும் சொன்னேன். முனை எந்தப் பக்கம் என்பதெல்லாம் சொல்லி அண்ணரைக் குழப்பவில்லை, இரண்டு என்றால்தான் அவர் என்று சொல்லி அனுப்பினேன்.

அண்ணர் திரும்பி வரும்வரைக்கும் நான் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. மாமி அம்மனைக் கூப்பிட்டபடியே இருந்தா. அண்ணர் படலையைத் திறக்கும்போதே முகத்தைப் பார்த்தேன். வேப்பிலையைக் கடித்துத் துப்பிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, அது அவர் இல்லை. முகம் பார்க்கிற மாதிரி இல்லை. கையில அந்தக் குறி இருக்கு. ஆனால் ஒரு கிரீடம்தான்."

நான் அழுதேன். சந்தோசத்தில் அழுதேன். அந்தக் கை கூட்டாளியின் கை என்று அடுத்த நிமிடம்தான் உறைத்தது. என்னை வாய் நிறைய மச்சாள் என்று கூப்பிட்ட பிள்ளை. உப்புவெளியில் அந்தத் தாய்க்கு அண்ணர்தான் போய்ச் சொன்னார். அதற்குள் உடல்களை எல்லாம் ஒன்றாய்ப் புதைத்துவிட்டார்கள். பிள்ளையின் முகம் பார்க்காமல், பிள்ளையின் ஒரு சட்டையை வைத்து அந்த மனிசி செத்தவீடு செய்தா.

குண்டுப் பயம் தணிந்து சல்லிக்குத் திரும்பிய பிறகு மாமி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தா. நான் அண்டைக்கு வாய் திறந்து பேசியிராட்டில் என்ர பிள்ளையும் போயிருப்பான், நிமிர்ந்த கிரீடம்தான் காப்பாற்றியது என்றா. அவர் எங்கே என்று கேட்டால், கப்பலில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள், சண்டை முடிய வருவான் என்பா. அப்படிப் போனவர்கள் இருந்தார்கள்தான். குருநாகலில் கண்டேன் என்று ஒருத்தன் சொன்னான். கொழும்பில் கால் உடைந்து கிடக்கிறார் என்று இன்னொருத்தன். இரண்டு இடத்துக்கும் அண்ணர் போய் வந்தார். இல்லை. நான் விடவில்லை. உடலில்லை, ஆனபடியால் சாவில்லை. தினமும் பின்னேரம் முகம் கழுவி, விளக்கு வைக்க முன்னம், நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்தேன். யாரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தால் இன்னும் பெரிதாக வைத்தேன்.

உப்புவெளித் தாயைப் பார்க்கப் போவேன். அவவுக்குக் கண் மங்கிவிட்டது. புட்டோ இடியப்பமோ கொண்டுபோய்க் கொடுத்தால் என் கையைத் தடவிப் பார்த்து, காப்பு கிடக்கா, கிடக்கட்டும் கிடக்கட்டும் என்பா. ஒரு நாள், என்ர பிள்ளைக்கும் இரண்டாவதை வைக்கச் சொல்ல எனக்குத் தோன்றாமல் போச்சே என்று அழுதா. அவவுடைய துக்கத்தில்தான் என் வாழ்வு நிற்கிறது என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் என்னால் சாப்பிட முடியவில்லை.

சண்டை முடிந்தது. கப்பல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு நாள் மீன் காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது உப்புவெளிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒருவர் சத்தம் போட்டுச் சொன்னார். செத்தவீடு செய்த பிள்ளை உயிரோடு வந்திருக்கிறானாம். ஆபிரிக்காவில் இருந்து கப்பலில் வந்திறங்கினானாம். கடற்கரையில் நின்ற சனமெல்லாம் கைதட்டியது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கையிலிருந்த மீன் எப்போது மண்ணில் விழுந்தது என்று தெரியாது. அவன் உயிரோடு என்றால், அந்தக் கொட்டிலில் கிடந்த கை யாருடையது? அயர்லாந்துக்காரன் ஊருக்கெல்லாம் குத்தினவன்தானே, வேறு யாருக்கும் குத்தியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த நாள் அவனே வந்தான். உடம்பு வற்றிக் கறுத்திருந்தான். குண்டு விழுவதற்கு முதல் நாள், தண்ணீர் கொடுக்கப் போன கப்பலில் ஆள் போதாது என்று அவனை ஏற்றிக்கொண்டு, அது அப்படியே புறப்பட்டுப் போய்விட்டதாம். யாரையோ பிடித்து எழுதுவித்த கடிதமும் வந்து சேரவில்லை. மாமி அவனைக் கண்டதும் கன்னத்தைத் தடவி, நீ வந்திட்டாய், இனி அவனும் வருவான் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்க உள்ளே போனா. அவன் கதிரையில் இருக்கவில்லை. என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மச்சாள், ரெண்டு கிரீடம் எண்டு அம்மா சொன்னவ. அண்ணை உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

என்னத்தை என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் இரண்டு பேரும் அயர்லாந்துக்காரனிடம் போனார்களாம். இன்னொரு கிரீடம் குத்தித் தரலாம், ஆனால் முனை மறைந்துபோகும், பிறகு இந்த நெஞ்சு கொடுத்ததா கொடுக்காததா என்று ஒருவருக்கும் விளங்காது என்றானாம் அவன். இவர் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்ப வேண்டாம் என்று எழும்பிவிட்டாராம். குடுத்தது குடுத்ததுதான், அதைக் குழப்ப ஏலாது என்றாராம். அம்மாவை என்ன செய்வது? டொக்யாட்டில் பெட்டிகளுக்கு அடையாளம் போடுகிற பென்சில் ஒன்று உண்டு. எச்சில் தொட்டுக் கீறினால் மை மாதிரி ஊதாவாகப் பிடிக்கும். வியர்வையில் அழிந்துபோகும் என்று, தம்பலகாமத்துக்கு வருகிற வழியில் கப்பல்துறை என்கிற ஊர் வரைக்கும் அவனையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து, அங்கே ஒரு மரத்துக்குக் கீழே இருந்து கீறுவித்திருக்கிறார்.

"நான்தான் கீறினனான், மச்சாள். அவர் திரும்பி வரும்வரைக்கும் அங்கயே நிண்டனான். கிணத்தில கை கழுவ எல்லாம் அழிஞ்சு போட்டுது. ரெண்டு பேரும் சிரிச்சு உருண்டனாங்கள்."

அவன் அழத் தொடங்கினான். நான் அழவில்லை. எனக்கு அவர் கையைப் பட்டென்று இழுத்துக்கொண்டதுதான் கண்ணுக்குள் நின்றது. நொந்து இழுக்கவில்லை. என் விரல் பட்டால் அழிந்துவிடும் என்று இழுத்திருக்கிறார். என் மனிசன் அந்த நெஞ்சைக் குழப்பாமல் எனக்கென்றே வைத்துக்கொண்டு போய், யாரும் அழாமல், யாரும் பெயர் சொல்லாமல், பத்தோடு பதினொன்றாகப் புதைபட்டுக் கிடக்கிறார். இவ்வளவு காலமும் அவருக்காக இன்னொரு வீட்டில் அழுதார்கள். நான் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் போன பிறகு பின்னேரமாகியது. வழக்கம் போலக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். பொட்டுக் கரைந்து சிவப்பாக ஓடியது. அந்த இடத்தில் அவர் தலையில் நான் வார்த்த தண்ணீரும் அப்படித்தான் ஓடும். ஒவ்வொரு நாளும் கழுவியதும் உள்ளே போய்த் திரும்ப வைப்பேன்.

மாமி விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு திரி தூண்டியபடி நின்றா. நான் அவவைக் கடந்து உள்ளே போனேன். பொட்டுச் சிமிழை எடுக்காமலே திரும்பி வந்தேன். அவ நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தா. பிறகு விளக்கைக் கொளுத்தாமலே நிலத்தில் வைத்தா.